பூஜை அலமாரியும் வெண்காரமும்

அல்சூரிலிருந்து:

போன கார்த்திகை அன்று எங்கள் பூஜை அலமாரியின் மேல்தட்டில் தீப்பிடித்தது. அகலுக்கு ஒரு சாண் மேலேதான் பலகை. வார்னிஷ் கொப்பளித்தது, அடுத்த நிமிஷம் பின்பலகை எரிந்தது. அம்மா ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார்.

புது அலமாரி செய்ய வந்த தருமபுரி ஆசாரிதான் வழி சொன்னார். "தம்பி, நகை செய்யுற பத்தர் வச்சிருக்கிற வெண்காரம் (போராக்ஸ்), கேரம் போர்டுல தூவுற போரிக் பவுடர், ரெண்டையும் வெந்நீர்ல கரைச்சுப் பலகைய ஊறப் போடுங்க." எனக்கு நம்பிக்கை வரவில்லை. சில்வர் ஓக் துண்டு இரண்டில் ஒன்றை மட்டும் ஊறவைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, இரண்டையும் இடுக்கியால் அடுப்பில் காட்டினோம். ஊறாதது அடுப்பை அணைத்தும் எரிந்தது. ஊதி அணைத்த பிறகும் ஓரத்தில் கங்கு மினுங்கியது. ஊறியது கருத்ததோடு சரி. வெளியே எடுத்ததும் சுவாலை நின்றது, கங்கும் இல்லை. சுவாலை பரவாமல் பார்ப்பது வெண்காரம், கங்கை அடக்குவது போரிக். அதனால் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

ஆலைகளில் மரத்துக்குள் அம்மோனியம் பாஸ்பேட் என்ற உப்பையும் ஏற்றுகிறார்கள். சூட்டில் மரம் விடுகிற வாயுதான் எரிகிறது. பாஸ்பேட் இருந்தால் குறைந்த சூட்டிலேயே மரம் கரியாகிவிடும், எரிகிற வாயு குறையும், அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். ஊறவைத்தால் மருந்து மேல்தோலோடு நின்றுவிடும். மூடிய உருளையில் காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தத்தில் ஏற்றினால்தான் ஆழமாக இறங்கும். அறுப்பு, இழைப்பு எல்லாம் மருந்து போடும் முன்பே முடித்துவிடுங்கள்.

நான் செய்த தவறு: மிஞ்சிய பலகையைத் துளசி மாடத்துக்கு மழை படுகிற இடத்தில் போட்டேன். வெள்ளையாகப் பூத்தது, ஆணி துருப்பிடித்தது. மழைக்காலம் முடிந்து ஒரு சில்லைக் கொளுத்தினால் சாதாரண மரமாகவே எரிந்தது. வெண்கார உப்பு தண்ணீரில் கரைந்து போய்விடும்.

மருந்து போட்டாலும் மரம் எரியும். வெளியே வர நேரம் கிடைக்கும். முழங்கால் வலியோடு நடக்கிற அம்மாவுக்கு அந்த நேரம் எனக்கு வேண்டும்.

விவேக்நகரிலிருந்து:

அண்ணா, பிளைவுட் வாங்குறவங்க முத்திரையைப் பாருங்க. "தீயே பிடிக்காது"ன்னு சொல்லி ஒரு கடையில எனக்குக் கொடுத்தது ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 710. அது தண்ணியைத் தாங்குற மரைன் பிளைவுட். தீக்கு உள்ளது ஐ.எஸ். 5509. சமையலறை அலமாரி முழுக்க அடிச்ச பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது, அடுப்புப் பக்கத்தை மட்டும் கழட்டி மாத்தினேன்.

அல்சூரிலிருந்து:

பின்பலகைக்கு நானும் 5509தான் போட்டேன் தம்பி. அகல் இப்போது வெண்கலத் தட்டில், பலகையிலிருந்து இரண்டடி தள்ளி.