கூண்டு ஏற்றினால் படகு போகாது; படகு போகாவிட்டால்?

தங்கச்சிமடம் தம்பி:
குரூப் 4 மாதிரித் தாளில் ஒரு கேள்வி. "புயல் கூண்டு ஏற்றினால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இன்று விசைப்படகுகள் போகவில்லை. முடிவு: இன்று கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." சரியா, தவறா, கூற முடியாதா? விடைக்குறிப்பில் 'கூற முடியாது' என்கிறார்கள். படகு நிற்பதற்கான காரணத்தைக் கேள்வியே கொடுத்துவிட்டதே, அப்புறம் என்ன கூற முடியாது?

மண்டபம் மலர்:
தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டா தம்பி இதைக் கேட்கிறாய்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வானம் பளிச்சென்று இருக்கும், பாம்பனில் கூண்டும் இருக்காது, விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். அது போக வேலைநிறுத்தம், நாட்டுப்படகுக்கு விட்ட நாள் என்று எத்தனையோ. கூண்டு ஏறினால் என்ன ஆகும் என்பதை மட்டும்தான் கூற்று சொல்கிறது. ஏறாத நாளைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

கீழக்கரை காக்கா:
1ஆம் எண் கூண்டு தூரத்து எச்சரிக்கைதானே, அதற்கெல்லாமா படகை நிறுத்துவார்கள்? முதல் கூற்றே இடிக்கிறது.

தொண்டி மாஸ்டர்:
பார்த்தீர்களா, இதற்குத்தான் பயந்தேன். மலர் சொன்ன விடை சரி, வழி ஆபத்து. ஊர் நடப்பை உள்ளே விட்டால் காக்கா மாதிரி கூற்றோடேயே சண்டைக்குப் போய்விடுவோம். "எல்லா நண்டுகளும் பறவைகள். எல்லாப் பறவைகளும் பாடும். ஆகவே எல்லா நண்டுகளும் பாடும்." முடிவு நூற்றுக்கு நூறு சரி. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் 'நண்டு எப்படி சார் பாடும்' என்று தவறு போட்டுவிட்டு வருகிறார்கள். படகு, கூண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'கூண்டு ஏறியது' என்பதற்கு க, 'படகு போகவில்லை' என்பதற்கு ப என்று எழுதுங்கள். 'க என்றால் ப'. க உண்டு என்றால் ப உண்டு. ப இல்லை என்றால் க இல்லை. இந்த இரண்டுதான் தேறும். 200 கேள்விக்கு 3 மணி நேரம், கேள்விக்கு 54 விநாடி. இதில் தடைக்காலம், வேலைநிறுத்தம் என்று யோசிக்க எங்கே நேரம்?

மண்டபம் மலர்:
சார், விதி மறந்துபோன அன்றைக்கு என்ன செய்வது? கூற்றை மாற்றச் சொல்லவில்லை நான். இரண்டு கூற்றும் உண்மையாக இருந்து முடிவு மட்டும் பொய்யாகிற ஒரு நாளைத் தேடு என்கிறேன். மே மாதத்தில் ஒரு நாள் கிடைத்ததும் 'சரி' அடிபட்டுப் போகிறது. பாடும் நண்டுக்கு அப்படி ஒரு நிலைமையே அமையாது, அதனால் அங்கே முடிவு நிற்கிறது.

தொண்டி மாஸ்டர்:
மே மாதம் 'சரி'யை மட்டும்தான் அடிக்கும். 'தவறு' இன்னும் உயிரோடு இருக்கிறதே?

மண்டபம் மலர்:
நவம்பரில் புயல் வந்து கூண்டு ஏறிய நாளை வையுங்கள். படகும் போகவில்லை, முடிவும் உண்மை. 'தவறு'ம் போயிற்று. இரண்டு நாள் போதும், 54 விநாடி தாராளம்.

கீழக்கரை காக்கா:
சரி, கூற்றை விட்டுவிடுகிறேன். ஆனால் தம்பி, ஒன்று கவனி. 'கூற முடியாது' என்பது மதிப்பெண் உள்ள விடை. தேர்வாணையம் ஐந்தாவதாக வைத்திருக்கிற 'விடை தெரியவில்லை' கட்டம் வேறு. அவசரத்தில் அதைக் கறுப்பாக்கிவிட்டு வந்தவர்கள் உண்டு.

தங்கச்சிமடம் தம்பி:
அப்போது இது? "எல்லா வள்ளங்களும் படகுகள். சில படகுகள் பழையவை." முடிவு 1: சில வள்ளங்கள் பழையவை. முடிவு 2: எந்த வள்ளமும் பழையதல்ல. எங்கள் கரையில் பழைய வள்ளம் கண்ணெதிரே கிடக்கிறது. முடிவு 1 தானே?

தொண்டி மாஸ்டர்:
மலர், உங்கள் வழியின் லட்சணம் இதுதான். கண்ணெதிரே கிடப்பதைப் பார்த்து விடை எழுதுகிறான்.

மண்டபம் மலர்:
அவன் பாதி வழியில் நின்றுவிட்டான் சார். தம்பி, பழைய படகெல்லாம் விசைப்படகாகவே இருக்கிற ஒரு கரையை நினைத்துப் பார். வள்ளம் எல்லாம் புதுசு. கூற்று இரண்டும் அங்கேயும் பொருந்துகிறது, முடிவு 1 விழுந்துவிட்டது. உங்கள் கரையில் முடிவு 2 விழுகிறது. தனித்தனியாக எதுவும் தேறாது. ஆனால் எந்தக் கரையானாலும் இரண்டில் ஒன்று உண்மையாகத்தான் வேண்டும், இரண்டும் சேர்ந்து வராது. அதனால் 'ஒன்று அல்லது இரண்டு'. வங்கித் தேர்வில் இதை அடிக்கடி பார்ப்பாய்.

தொண்டி மாஸ்டர்:
தனித்தனியாக எதுவும் தேறாமல், 'சில'வும் 'எதுவுமில்லை'யும் அதே இரண்டு பெயரோடு ஜோடியாக வந்தால் அந்த விடையை எழுது என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன். தம்பி, இரண்டு வழியிலும் போட்டுப் பார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு.