பருத்தியே விதைக்காதவருக்குப் பருத்தி மானியம் எப்படி?

லப்பக்வாசி:
டெக்சாஸில் லப்பக்குக்குத் தெற்கே ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) யார் யாருக்கு எவ்வளவு விவசாய மானியம் போனது என்ற பட்டியலைச் சும்மா மேய்ந்துகொண்டிருந்தேன். கூட வேலை செய்பவரின் பெரியப்பா பருத்திக்குப் பணம் வாங்கியதாக அதில் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக அவர் நிலத்தில் நான் பார்த்தது சோளம்தான், பருத்தி ஒரு செடிகூட இல்லை. தில்லுமுல்லா, இல்லை எனக்குத்தான் புரியவில்லையா?

வரப்போரம்:
தில்லுமுல்லெல்லாம் இல்லைங்க. பிஎல்சி (Price Loss Coverage) என்ற விலை இழப்பீட்டுத் திட்டம் செடியைப் பார்ப்பதில்லை, 'பேஸ் ஏக்கர்' என்று அந்த நிலத்தின் பெயரில் பதிவான பழைய சாகுபடிக் கணக்கைத்தான் பார்க்கிறது. நிலம் விவசாயத்தில் இருந்தால் போதும், இந்த வருடம் அதில் சோளம் நின்றாலும் பருத்தி பேஸுக்குப் பணம் வரும். சந்தை விலை, சட்டம் சொல்லும் ஆதார விலைக்குக் கீழே போனால் மட்டும். கொட்டை நீக்காத பருத்திக்கு அது 2018 விவசாயச் சட்டத்தில் பவுண்டுக்கு 36.7 சென்ட், 2025 சட்டத்தில் 42 ஆக்கிவிட்டார்கள்.

கணக்கு சுலபம்தான். 100 பேஸ் ஏக்கர் என்றால் 85க்குத்தான் பணம். பதிவில் ஏக்கருக்கு 1,000 பவுண்டு விளைச்சல், விலை 2 சென்ட் குறைவு என்று வைத்துக்கொண்டால் 1,700 டாலர். அதுவும் உடனே கிடையாது, பருவம் முடிந்து அக்டோபருக்கு அப்புறம்தான்.

பழையகணக்கு:
பருத்தி கதையே தனி. அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்து பிரேசில் 2002இல் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது, அதனால் 2014 விவசாயச் சட்டத்தில் பருத்தியை மானியப் பயிர்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, பிரேசிலுக்கு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். 2018இல் பஞ்சும் கொட்டையும் சேர்ந்த 'விதைப் பருத்தி' என்ற பெயரில் அதே பயிர் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்!

லப்பக்வாசி:
சரி, அந்தப் பெரியப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் பணம் யாருக்கு?

வரப்போரம்:
ரொக்கக் குத்தகை என்றால் உழுகிறவருக்கு. விளைச்சலில் பங்கு என்று வாரக் குத்தகைக்கு விட்டிருந்தால் விளைச்சல் போலவே இதையும் பங்கு போட வேண்டும். சட்டப்படி அவ்வளவுதான், ஆனால் மானியம் வருகிறது என்று தெரிந்தால் நிலத்துக்காரர் அடுத்த வருடம் குத்தகையை ஏற்றிவிடுவார். ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் உண்டு, 2018 சட்டத்தில் 1,25,000 டாலர், 2025 சட்டத்தில் 1,55,000 ஆக்கினார்கள். கூட்டு நிறுவனமாக இருந்தால் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனி வரம்பு, அதனால்தான் பட்டியலில் சில பெயர்களுக்கு நேரே அவ்வளவு பெரிய தொகை.

செம்மண்காடு:
எல்லாரும் மானியத்தையே பேசுகிறீர்கள். 2022 வறட்சியில் டெக்சாஸில் விதைத்த பருத்தியில் பாதிக்கு மேல் அறுவடைக்கே வரவில்லை, அன்றைக்குக் கைகொடுத்தது பயிர்க் காப்பீடுதான். பிஎல்சி விலை விழுந்தால்தான் வரும், மழை பொய்த்தால் வராது. அந்த வருடம் விலை நன்றாக இருந்தது, விற்கத்தான் பருத்தி இல்லை.

லப்பக்வாசி:
புரிந்தது, நன்றி. அலுவலகத்தில் ஒருவரிடம் "உங்க பெரியப்பா எப்படி இந்தப் பணத்தை வாங்கினார்" என்று ஏடாகூடமாகக் கேட்டுவைத்திருக்கிறேன், முதலில் அதைச் சரி செய்துவிட்டு வருகிறேன்.