புதுப்பிப்பு: பழவேற்காடு டச்சுக் கல்லறை எழுத்துகளைப் படிக்க முடிந்தது

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளில் தேய்ந்துபோன எழுத்துகளைப் படிக்க வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது பக்கவாட்டு வெளிச்சம்தான். காலை வெயிலை முகம் பார்க்கும் கண்ணாடியால் கல்லின் மேல் சாய்வாகத் திருப்பினால் எழுத்தோரங்களில் நிழல் விழுகிறது. அப்போதே படம் எடுத்துவிட வேண்டும். சாக்பீஸ், மாவு எதையும் பூசவில்லை. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம், கல்லும் கெட்டுப்போகும்.

எதிர்பாராதது ஒன்று: இரண்டு எழுத்துகளை ஒட்டியே செதுக்கியிருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பெயர்கள் பிடிபட்டன. 'அன்னோ' என்று வந்தால் அடுத்து வருவது ஆண்டு. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இந்த ஊர். போனால் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் உள்ள எலும்புக்கூட்டுச் சிற்பங்களையும் அவசியம் பாருங்கள், அற்புதமான வேலை.