தட்டின் கடைசி வட்டத்துக்கு ஒரு சொல்: செக்குச்சால்?

அனைவருக்கும் வணக்கம்.

இசைத்தட்டு செய்யும் நெகிழியான 'வைனில்' (vinyl) என்பதற்குத் தமிழ் தேடும் நம் உரையாடல் இழை நீண்டுகொண்டே போகிறது. நெகிழித்தட்டு, வினைல்வட்டு என்று வந்தவை எதிலும் எனக்கு உடன்பாடில்லை. இசைத்தட்டு என்ற சொல் நன்றாகத்தான் இருக்கிறது. இலங்கை வானொலி அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் காதில் ஏற்றிவிட்டது. 1948இல் வந்த வைனில் எல்.பி.யை (நீண்டநேரம் ஓடும் தட்டு) அதற்கு முந்திய, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டிலிருந்து பிரித்துக் காட்டவேண்டுமா? வைனில் தட்டு, அரக்குத் தட்டு என்றால் முடிந்தது. நைலோனை யாரும் பெயர்க்கவில்லை, வைனிலையும் விட்டுவிடலாம்.

சொல் இல்லாமல் நான் முட்டிக்கொண்டது வேறோர் இடத்தில்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். அப்பாவிடம் 41 தட்டுகள் இருக்கின்றன. 83 யூலைக் கலவரத்துக்கு முன் எத்தனை இருந்தன என்று அவர் சொன்னதில்லை. போன மழைக்காலத்தில் உறைகளில் பூஞ்சணம் பிடிக்க, எல்லாவற்றையும் எடுத்துத் துடைக்கப்போய்த்தான் நானும் கேட்கத் தொடங்கினேன். ஆங்கிலப் பாட்டு ஜிம் ரீவ்ஸுக்குக் கீழே நாதசுவரம் காருகுறிச்சி அருணாசலம், அதற்குக் கீழே சிங்களப் பாடகர் சி.ரி. பெர்னாண்டோ, ஏ.ஈ. மனோகரனின் பொப்பிசை. கொழும்புத் தமிழ் வீடு என்று இந்த அடுக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாதசுவரம் என்றால் கல்யாண வீட்டுச் சத்தம் என்றிருந்தவன் நான். காருகுறிச்சியின் தட்டை இரண்டாம் முறை போட்டபோதுதான் எதையெல்லாம் கேட்காமல் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடியிருக்கிறேன் என்று உறைத்தது.

ஊசியை வைக்குமுன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். "பொறு, கோச்சி போகட்டும்." தண்டவாளம் கூப்பிடு தூரத்தில், மாத்தறை ரயில் போனால் தரை அதிர்ந்து ஊசி துள்ளிவிடும். பக்கம் முடிந்ததும் ஊசி விறுவிறென்று உள்ளே ஓடி, நடுவில் ஒட்டிய வட்டத் தாளின் ஓரத்தில், ஒரே வட்டத்தில் மாட்டிக்கொள்ளும். அப்பாவின் பிளேயர் தானாக நிற்பதில்லை. டப்... டப்... எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஆகவே 1.8 செக்கனுக்கு ஒரு டப். அவர் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டால் அரை மணித்தியாலத்துக்கும் அதுதான் கச்சேரி. "ஊசி இப்ப எங்க நிக்குது?" என்று மகள் கேட்டாள். என்னிடம் சொல் இல்லை.

சரி, முதலில் 'குரூவ்', அதாவது தட்டில் ஊசி ஓடும் பள்ளக் கோடு. இதற்கு இங்கே இரண்டு யோசனைகள் வந்தன.

> தவாளிப்பு இருக்கிறதே, உங்கள் நாட்டுப் பாடநூல்களிலேயே உண்டு.

உண்டு, உயிரியலில் நானும் படித்தேன். ஆனால் தவாளிப்பு என்றால் குழிவு, அவ்வளவுதான். அதன் வழியே ஒன்று போகிறது என்ற எண்ணம் அதில் இல்லை.

> அப்படியானால் தடம்?

ஒலித்தடம் என்று பாட்டைக் குறிக்க அதை எடுத்தாகிவிட்டது. ஒரு பக்கத்தில் ஆறு தடம் இருக்கலாம். ஆனால் ஓரத்திலிருந்து நடுவரை சுருண்டு போகும் கோடு ஒன்றே ஒன்றுதான். இரண்டையும் தடம் என்றால் குழப்பம்.

என் யோசனை 'சால்'. உழவுச்சால். வயலை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு உழுது வருகிறவர் போடுவதும் இதே கோடுதான். அப்புறம், தட்டை வெட்டும் கருவியின் முனையைக் 'கொழு' என்று சொல்ல ஆசை. 'கொழுச் சென்ற வழித் துன்னூசி இனிது செல்லுமாறுபோல' என்று உரையாசிரியர்கள் எடுத்தாளும் உவமை நினைவிருக்கும். தோல் தைப்பவர் முதலில் கொழுவால் துளைத்துவிட்டால் பின்னால் தையலூசி சிரமமில்லாமல் போகும். இசைத்தட்டில் நடப்பதும் இதுதானே: கொழு முன்னே வெட்டிவிட்டுப் போனது, அதே வழியில் இன்று நம் வீட்டு ஊசி போகிறது. கொழுவுக்கு ஏரின் முனை என்ற பொருளும் இருப்பதால் சாலோடும் ஒட்டுகிறது. (இடையில் ஒன்று: சீடியை நாங்கள் இறுவட்டு என்கிறோம், சிலர் இறுவெட்டு என்றும் எழுதுகிறார்கள். வெட்டித் தொடங்குவது என்னவோ இந்தப் பழைய தட்டுத்தான்.)

இனி அந்தக் கடைசி வட்டம். ஊசி உள்ளே ஓடும் அகன்ற சுருளைக் கடைச்சால் என்போம். அது போய் மூடிக்கொள்ளும் வட்டம் செக்குச்சால். மாடு நடக்கும், வழி முடியாது. 'மௌனச்சால்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகுதான், ஆனால் பொருந்தாது. பீட்டில்ஸ் இசைக்குழு 1967இல் பிரித்தானியாவில் வெளியிட்ட எல்.பி. ஒன்றில் இந்த வட்டத்துக்குள்ளேயே குரல்களை வெட்டி வைத்தார்கள். யாராவது ஊசியைத் தூக்கும்வரை அவை திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கும். சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லுகிற பெயர் வேண்டும். செக்குமாடு என்றால் ஏளனம் தொனிக்குமே என்று கேட்பீர்கள். தொனிக்கட்டும், தூங்குகிற அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த 'டப் டப்' கேட்டவருக்கு அது ஏளனமாகப் படாது.

ஊசி முதலில் இறங்கும் ஓரத்துச் சாலுக்குத்தான் எனக்கு ஒன்றும் அமையவில்லை. பருவத்தின் முதல் உழவைப் பொன்னேர் என்பார்களே, அதை வைத்துப் பொன்னேர்ச்சால் என்று எழுதிப் பார்த்தேன். அப்பா வாசித்துவிட்டு, "உது பாட்டு எழுதுற ஆக்களுக்குச் சரி" என்றார். உங்களில் யாருக்காவது எளிமையாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.