பதில்: ‘ஸ்லக்’ – தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைத் தமிழாக்கும் நமக்கு, உள்ளடக்க மேலாண்மை அமைப்பு (சிஎம்எஸ்), செருகுநிரல் (பிளகின்), வரைவு (டிராஃப்ட்) என்ற சொற்கள் எல்லாம் நிலைத்துவிட்டன. அவற்றை மறுபடி கிளற வேண்டாம். இழுபறியில் கிடப்பது, இணைய முகவரியில் ஒரு பக்கத்தைக் குறிக்கும் துண்டான ஸ்லக் ஒன்றுதான்.

> பேசாமல் நத்தை என்று போட்டுவிடலாமே :)

ஓடில்லா நத்தைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஆனால் நம் ஸ்லக் வந்தது அச்சகத்திலிருந்து. லைனோடைப் எந்திரம் ஒரு வரியை முழுசாக ஈயத்தில் வார்த்துத் தள்ளும். அந்தக் கட்டையின் பெயர் ஸ்லக். அப்புறம் செய்தி அறைகளில், ஒரு செய்தியை அடையாளம் காண வைக்கும் ஓரிரு சொல் பெயரும் ஸ்லக் ஆனது. இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருள் 2003-இல் உருவானதே அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில்தான். அதில் ஸ்லக்ஃபீல்டு என்று ஒரு புல வகையே (தரவை இடும் கட்டம்) உண்டு.

கதை சுவையாகத்தான் இருக்கிறது. அதற்காக ஈயக்கட்டையை நம் பயனர் தலையில் கட்ட வேண்டாம். முகவரியில் ஒரு பதிவையோ பகுப்பையோ (பதிவுகளின் வகை) அடையாளம் காட்டும் துண்டு இது. அந்த வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

> சுட்டுப்பெயர்

அவன், இவன், அது, இது எல்லாம் சுட்டுப்பெயர் என்று பள்ளியில் படித்தவர்கள் குழம்புவார்கள்.

> முகவரி ஈறு

அழகான சொல். எனக்கும் முதலில் மனம் இதில்தான் போனது. ஆனால் /சமையல்/ரசம்/ என்று வரும் முகவரியில் ‘சமையல்’ என்பதும் ஸ்லக்தான், அது ஈற்றில் இல்லையே.

நான் முன்வைப்பது: முகவரிச்சொல். கடவுச்சொல், குறிச்சொல் இரண்டும் மக்கள் நாவில் ஏறிவிட்டன. இதுவும் அந்தக் குடும்பத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு சொற்களைக் கோடு போட்டு இணைத்ததை ஒரு சொல் என்பதா என்று யாராவது கேட்பீர்கள். எண்ணும் குறியும் கலந்த கடவுச்சொல் மட்டும் சொல்லா என்ன? “முகவரிச்சொல்லை மாற்று” என்பது பொத்தானிலும் அடங்கும்.

சரி, இதைவிடப் பெரிய தலைவலி வேர்ட்பிரஸ் பகுப்புப் பக்கத்தில் ஸ்லக் பெட்டிக்குக் கீழே வரும் விளக்க வரி. ‘பெரும்பாலும் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் போலத் தமிழில் ஏது பெரிய எழுத்து, சிறிய எழுத்து? எழுத்துருவின் அளவைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நமக்குத் தேவையான எச்சரிக்கை வேறு. பதிவின் ஸ்லக்குக்கு 200 இடம்தான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட்டு, முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு (%) விரியும்போது 9 இடம் பிடிக்கும். மேற்புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியே 9. ஆக, 22 குறிக்கு மேல் போகாது. ‘மார்கழி மாதக் கோலங்களும் பூசணிப்பூவும்’ என்று தலைப்பு வைத்தால், தானாக அமையும் முகவரி ‘கோலங்களும்’ என்பதோடு நின்றுவிடும், பூசணிப்பூ உதிர்ந்துபோகும்.

அதனால் அந்த வரியை மொழிபெயர்க்காமல் புதிதாகவே எழுதலாம். என் வரைவு:

“முகவரிச்சொல்: இணைய முகவரியில் இதைக் குறிக்கும் பெயர். இரண்டு மூன்று சொற்களுக்குள் வையுங்கள். சொற்களுக்கு நடுவே சிறுகோடு இடுங்கள்.”

‘இடுங்கள்’ வேண்டுமா ‘இடவும்’ வேண்டுமா என்ற பழைய சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்.