கடையில் வாங்கிய கஞ்சா மிட்டாய்: என்-400 படிவத்தில் என்ன எழுதுவது?

சன்னிவேல் மருமகன்:
கிரீன் கார்டு வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சு. குடியுரிமைக்கு என்-400 நிரப்பிட்டு இருக்கேன். கைதாகாத குற்றம் ஏதாவது செஞ்சிருக்கீங்களான்னு ஒரு கேள்வி. அதுலயே ரெண்டு நாளா நிக்கறேன்.

போன வருஷம் ஊர்லேருந்து வந்திருந்த அத்தைக்கு முட்டிவலி. ஆஃபீஸ்ல ஒருத்தர் சொன்னாரேன்னு கஞ்சா மிட்டாய் ஒரு டப்பா வாங்கினேன். சுவத்துல லைசென்ஸ் மாட்டின கடை. வாசல்ல ஐடி பார்த்துதான் உள்ள விட்டாங்க. ரசீதுல கலால் வரின்னு தனியா போட்டிருக்கு. கிரெடிட் கார்டு மட்டும் செல்லாது, கேஷா குடுங்கன்னாங்க. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். இங்க கலிஃபோர்னியாவுல 2016ல மக்களே ஓட்டுப் போட்டு அனுமதிச்சது, மாநிலமே வரி வாங்குது. இது எப்படிங்க குற்றம்?

வழிப்போக்கன்:
மாநிலத்துக்குக் குற்றமில்ல, வாஷிங்டனுக்கு, அதாவது மத்திய அரசுக்குக் குற்றம். 1970 மத்திய போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோட ஒரே பட்டியல்ல வெச்சுது. கார்டு கம்பெனிங்க ஒதுங்கறதும் அதுக்குப் பயந்துதான்.

கலிஃபோர்னியாவுல மருத்துவத்துக்கு 1996லயே அனுமதி. 2002ல டாக்டர் சொல்லி வீட்டுல ஆறு செடி வளர்த்த ஒரு அம்மா வீட்டுக்கு மத்திய அதிகாரிங்க போனாங்க. கூட வந்த கவுண்டி போலீஸ் ‘மாநிலச் சட்டப்படி இது சரி’ன்னுட்டாங்க. மூணு மணி நேரம் இழுபறி. கடைசியில ஆறையும் அழிச்சுட்டுத்தான் போனாங்க. அவங்க யாருக்கும் விக்கல. ஆனாலும் 2005ல உச்ச நீதிமன்றம் 6-3ன்னு மத்திய அரசு பக்கம் நின்னுது. ரெய்ச் வழக்குன்னு தேடுங்க.

கொங்குப் பொண்ணு:
அப்புறம் கடை எப்படித் திறந்திருக்குன்னு கேட்பீங்க. மாநிலப் போலீசை விட்டு மத்திய சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி வாஷிங்டன் கட்டாயப்படுத்த முடியாது. அதுவும் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், 1997ல, துப்பாக்கி வழக்குல. மத்திய ஆளுங்களே கடை கடையா ஏறி இறங்கணும், அவ்வளவு பேருக்கு எங்க போக? 2013ல ‘கண்டுக்காதீங்க’ன்னு ஒரு சுற்றறிக்கை விட்டாங்க, 2018 ஜனவரியில அதையும் வாபஸ் வாங்கிட்டாங்க. சட்டம் அப்படியேதான் இருக்கு, கடைங்க மேல பெரும்பாலும் அமல்படுத்தறதில்ல, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல 2017ல ஜல்லிக்கட்டுக்கு மத்திய சட்டத்தையே மாநில அளவுல திருத்தி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கினோமே, அந்த மாதிரி வழி இங்க இல்ல.

சன்னிவேல் மருமகன்:
ரசீதைக் காட்டினா ஒத்துக்க மாட்டாங்களா?

வழிப்போக்கன்:
ஐயோ, அந்த ரசீதுதான் சாட்சியே! மாநிலத்துல அனுமதி இருந்தாலும், மத்திய சட்டத்தை மீறினா குடியுரிமைக்குப் பார்க்கற நன்னடத்தைக் கணக்குல அடிபடலாம்னு 2019 ஏப்ரல்ல குடியேற்றத் துறை எழுதியே வெச்சிருக்கு. அதுக்காகப் பொய் எழுதிடாதீங்க, அது இதைவிடப் பெரிய வம்பு. படிவத்தை அப்படியே மூடி வெச்சுட்டு, முதல்ல ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்க.

ஆமா, மிட்டாயைச் சாப்பிட்டது யாரு? விசிட்டர் விசாவுல வர்றவங்க விமான நிலையத்துல ‘சாப்பிட்டேன்’னு ஒத்துக்கிட்டாலே சிக்கலாகலாம், தண்டனையே வேண்டியதில்ல.

சன்னிவேல் மருமகன்:
டப்பாவை எடுத்துப் பார்த்தேன். பத்துல மூணு காலி. மூணும் அத்தைதான். வக்கீல்கிட்ட வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கேன், ரெண்டு பேர் விஷயமும் கேட்கணும். அத்தை நவம்பர்ல மறுபடி வர்றாங்க. முட்டிக்கு அந்த மிட்டாய் நல்லாக் கேட்டுதுன்னு தெருவுக்கே சொல்லிட்டு இருக்காங்களாம்.