ஷிஃப்டிங் பேஸ்லைன்: 'ஒப்புநிலை நழுவல்' சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஷிஃப்டிங் பேஸ்லைன் சிண்ட்ரோம் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பேசும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மாறும் அடிப்படை நோய்க்குறி, நகரும் அடிக்கோடு, தலைமுறை மறதி. ஒரு வாரமாக மூன்றையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

முதலில் கருத்து. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் ஒரு சின்னக் கட்டுரையில் இதை எழுதினார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்கு வந்தபோது கடலில் எவ்வளவு மீன் இருந்ததோ, அதையே இயல்பான அளவு என்று எடுத்துக்கொள்கிறார். அவர் காலத்தில் மீன் குறைகிறது. அடுத்து வருபவருக்கு அந்தக் குறைந்த அளவே இயல்பாகிவிடுகிறது. இதற்குப் பாலி காட்டிய உதாரணங்களில் ஒன்று, கூட வேலை பார்த்தவரின் தாத்தா கதை. 1920-களில் டென்மார்க் பக்கம் கட்டெகாட் கடலில் கானாங்கெளுத்திக்கு வலை போட்டால் பெரிய பெரிய நீலத்துடுப்புச் சூரை வந்து சிக்கிக்கொள்ளுமாம். அப்போது சூரையை வாங்க ஆளில்லை. அதனால் தாத்தாவுக்கு அது தொல்லை! இன்று அந்த ஊர்ப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் நம்புவானா?

இதைப் படித்ததும் எனக்கு எண்ணூர் ஞாபகம்தான் வந்தது. போன மாதம் காட்டுக்குப்பத்தில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் ஆற்றிலிருந்து அப்போதுதான் வந்து அன்னக்கூடையை இறக்கி வைத்தான். உள்ளங்கை நீளத்துக்கு மடவை, கூடையில் பாதிகூட இல்லை. மேலே நாலைந்து இறால். "இன்னிக்கு நல்ல பாடுக்கா" என்றான், முகமெல்லாம் சிரிப்பு. பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். திண்ணையில் இருந்த தாத்தா எட்டிப் பார்த்தார். "இதுக்குப் பேரு பாடாடா? எங்க காலத்துல தண்ணியில எறங்கி நின்னா இறால் கால்ல வந்து முட்டும்" என்றார். அவன் விடவில்லை. "தாத்தா, எண்ணெய் வந்தப்ப என்ன கெடைச்சுது? அதுக்கு இது எவ்ளோ மேல்!"

அவன் சொன்னது 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவை. தாத்தா தொழிலுக்கு வந்தது 1970-க்கு முன்னால். எண்ணூர் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்ததே அந்த ஆண்டுதான். பையனின் அப்பா வலை பிடித்தது வடசென்னை அனல்மின் நிலையம் வந்த 1990-களில். பையன் ஆற்றைப் பார்க்கும்போது அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகம் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஒரே வீடு, ஒரே ஆறு, மூன்று கணக்கு. இதில் யார் சொன்னதும் பொய் இல்லை.

மெக்சிகோவில் கலிபோர்னியா வளைகுடாவில் இதையே ஆய்வாகச் செய்திருக்கிறார்கள். 2005-இல் வெளிவந்தது. மூன்று தலைமுறை மீனவர்கள் 108 பேரிடம், முன்பு நிறையக் கிடைத்து இப்போது அருகிப்போன மீன்கள் எவை, இடங்கள் எவை என்று கேட்டார்கள். இளையவர்கள் சொன்னதைப்போல ஐந்து மடங்கு மீன் வகைகளையும் நான்கு மடங்கு இடங்களையும் மூத்தவர்கள் சொன்னார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'நோய்க்குறி' வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்தில் சிண்ட்ரோம் என்று ஒரு வேகத்தில் போட்டார்கள். அந்தப் பையனின் கண்ணில் என்ன நோய்? அவன் கண்டதை அவன் சொல்கிறான். நாம் மொழிபெயர்க்கும்போது அந்தப் பழியையும் சேர்த்து அவன் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

'அடிக்கோடு' என்றால் எல்லோருக்கும் எழுத்துக்குக் கீழே போடும் கோடுதான் தோன்றும். 'அடிப்படை' அகலமான சொல். அடிப்படைத் தரவு என்று எழுதினால் ஏதோ ஆரம்ப விவரம் என்று படித்துவிட்டுப் போய்விடுவார்கள். கொத்தனார் சொல்லும் 'மட்டம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அடிமட்டம் என்றால் கட்சித் தொண்டர், வெறும் மட்டம் என்றால் தரம் குறைவு. மனசில்லாமல்தான் விட்டேன்.

'தலைமுறை மறதி' நல்ல சொல். ஆனால் அது பாதியைத்தான் சொல்கிறது. 2009-இல் பாப்வொர்த் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்தக் கருத்தை இரண்டாகப் பிரித்தார்கள். முந்தின தலைமுறை கண்டது அடுத்த தலைமுறைக்கு வந்து சேராமல் போவது ஒன்று. ஒருவர் தானே கண்டதைத் தானே மறந்து, எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைப்பது இன்னொன்று. முதலாவதற்குத் தலைமுறை மறதி, இரண்டாவதற்குத் தன்மறதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தாயாக ஒரு சொல் வேண்டும்.

அதற்குத்தான் 'ஒப்புநிலை நழுவல்'.

பேஸ்லைன் என்பது ஆதியில் இருந்த நிலை அல்ல. எதோடு ஒப்பிட்டு 'கூடியது, குறைந்தது' என்கிறோமோ அந்த நிலை. அதனால் ஒப்புநிலை. 'மாறும்' என்றால் மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம், கண்ணுக்குத் தெரிந்தும் மாறலாம். 'நழுவுதல்' தெரியாமல் நடப்பது, பிடி விட்டுப்போவது. மீனைக் கையில் பிடித்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். ஒப்புதல், ஒத்துக்கொள்வது என்ற பொருளும் 'ஒப்பு'வில் இருக்கிறதே, குழப்பாதா என்று கேட்பீர்கள். இருக்கட்டும் என்பேன். எந்த நிலையோடு ஒப்பிடுவது என்பதே பலர் கூடி ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான்.

நான் இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் இருக்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் அதன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை அந்தந்த ஊர் மொழியிலும் தர வேண்டும். அந்தச் சுருக்கங்களைத் தெரிந்தவர்களுக்கு வாசித்துக் காட்டும் வேலை எனக்கு அடிக்கடி வரும். அதில் பேஸ்லைன் என்பது பொதுவாக மழைக்காலம் அல்லாத ஒரே ஒரு பருவத்தில் எடுத்த அளவு. நம் முகத்துவாரத்துக்கு உயிர் வருவதே வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் இறங்கும்போதுதான். அந்த மாதங்களை விட்டுவிட்டு, சாம்பல் படிந்த ஆற்றை அளந்து, 'தற்போதைய அடிப்படை நிலை' என்று அச்சடிக்கிறார்கள். நான் வாசித்தபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். 'அடிப்படை' என்றதும் யாருக்கும் கேள்வி எழவில்லை. எனக்கும் எழவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதே இடத்தில் 'ஒப்புநிலை' என்று இருந்திருந்தால், எதோடு ஒப்பு, எந்த வருஷத்தோடு ஒப்பு என்ற கேள்வி தானாக வந்திருக்கும். ஒப்புநிலை ஆண்டு, ஒப்புநிலைத் தரவு, நழுவிய ஒப்புநிலை என்று கிளைச்சொற்களும் சிக்கலில்லாமல் வருகின்றன. அந்தத் தாத்தாவிடமே சொல்லிப் பார்த்தேன். "ஒப்பு பார்க்கிறதுன்னா என்னோட காலத்தை வெச்சுப் பாரு, அவனோடத வெக்காத" என்றார். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு இடத்தில் உங்கள் உதவி வேண்டும். நழுவல் என்பதா, நழுவுதல் என்பதா? நழுவல் சுருக்கம், ஆனால் கொஞ்சம் மேடைத்தமிழ் வாசனை அடிக்கிறது. அப்புறம், பழவேற்காட்டிலும் காசிமேட்டிலும் மூத்தவர்கள் 'அந்தக் காலத்து அளவு' என்பதற்குத் தனிச்சொல் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று அந்தப் பக்கம் இருப்பவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் என் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.